நாலு புள்ளி ஒன்று

ஆணி அடிக்கவே கேட்டுக்கொண்டு அடிக்க வேண்டிய வீடு.
சுவரைத் துளைக்கிற ஏசி ஆகாது என்று
போன சித்திரையிலேயே சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.
அதனால் சக்கரம் வைத்தது.
தள்ளிக்கொண்டு போகலாம்,
காலி செய்தால் கூடவே வரும்.

தேசிங்குக்கு ராத்திரித் தறி.
காலை ஏழுக்கு வந்து படுக்கிறவர்
பதினொன்றுக்குள்
தரையின் குளிர்ச்சியை ஒரு மூலையிலிருந்து தொடங்கி
மறு மூலைவரை தின்று தீர்த்துவிடுகிறார்.
அப்புறம் ஈரத்துண்டு.
பொதட்டூர்பேட்டையில் பகல் தூக்கம்
வாங்கி வந்த வரம்.

நான் தார் சுற்றி முடித்த கையோடு
போனில் படிக்கிறேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு பேர்
வாங்கிப் பார்த்துச் சொன்னது.
சராசரி நாலு புள்ளி ஒன்று.

ஐந்து நட்சத்திரக்காரர்களை நான் நம்பவில்லை.
"சூப்பர்" என்று ஒரே சொல்,
பெட்டியைப் பிரிக்கும் முன்பே எழுதினாற்போல.
கொண்டுவந்த பையன் மரியாதையானவன் என்று
ஒருவர் ஐந்து கொடுத்திருந்தார்.
காலி அட்டைப்பெட்டிக்குள் பூனை உட்கார்ந்திருக்கும் படம்,
அதற்கும் ஐந்து.

மூன்று கொடுத்தவர்கள்தான் மனிதர்கள்.
புத்தூரிலிருந்து ஒருவர் தெலுங்கில்,
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
பத்துக்குப் பத்து அறை என்றால் பரவாயில்லை,
மேலே சிமெண்ட் ஷீட் என்றால் ஆசைப்படாதீர்கள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
எந்த பாஷையில் சொன்னாலும் ஷீட் ஷீட்தான்.

ஒற்றை நட்சத்திரம் எல்லாம் ஒரே புகார்,
சத்தம்.
மிக்ஸியை நிறுத்த மறந்தாற்போல,
வாசலில் லாரி உறுமுவதுபோல,
பிள்ளை மிரண்டு அழுதது, ஐயா, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.
ஒருவர் எழுதியிருந்தார்:
தலைமாட்டில் தறி ஓட்டுவதுபோல இருக்கிறது.

வாய்விட்டுச் சிரித்ததில் தேசிங்கு புரண்டு படுத்தார்.
எங்கள் தெருவில் பதினாறு வீடு, அறுபது தறி.
கரண்ட் போனால்தான் எங்களுக்கு விழிப்பு வரும்.
என்னமோ ஆகிவிட்டதென்று
கைக்குழந்தைகூட எழுந்து முழிக்கும்.
சத்தம் பொறுக்காத முந்நூறு பேருக்கும்
நானே ஐந்தைந்தாகப் போட்டுக் கணக்குப் பார்த்தேன்.
நாலு புள்ளி ஆறு வந்தது.

மாதம் மூவாயிரத்துச் சொச்சம், பன்னிரண்டு தவணை.
ஆடியில் சீட்டு எடுத்தால் சமாளிக்கலாம்.
கூடையில் போட்டேன், ஒரு விரலால்.
அப்போதுதான் படம் போட்டுக் காட்டினார்கள்:
சூட்டை வெளியே தள்ளும் குழாய்,
யானைத் தும்பிக்கை கனம்.
ஜன்னலில் பொருத்தவும்.

எங்களுக்கு இருப்பது ஒரு ஜன்னல்.
அதற்கப்பால் சந்து, இரண்டு முழம்.
அதற்கப்பால் லோகநாயகியின் ஜன்னல்.
வெளிச்சத்துக்காக அதை ஒட்டித்தான் அவள் ராட்டை.
நூல் அறுந்தால் முனையை நாக்கில் நனைத்து
இங்கே பார்த்துக்கொண்டே முடிச்சுப் போடுவாள்.
போன வாரம் வேர்க்குருவுக்குப் பவுடர் கேட்டாள்.
எழுந்து போகவில்லை நான்,
கை எட்டியது.

திரும்ப முதலிலிருந்து படித்தேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு பேரும்
குழாயின் இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியவர்கள்.
அந்தப் பக்கத்திலிருந்து
ஒரு நட்சத்திரமும் இல்லை,
அரை நட்சத்திரமும் இல்லை.

கேள்வி கேட்க ஓர் இடம் விட்டிருந்தார்கள். கேட்டேன்.
குழாயை மேலே திருப்பலாமா,
ஷீட்டைத் தாண்டி, வானத்துக்கு?
உடனே பதில்:
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

"என்னாடி அவ்ளோ நேரமா போனையே பாத்துக்கிட்டு?"
ராட்டையை நிறுத்தாமல் லோகநாயகி.
ஏசி என்றேன்.
"வாங்கு, வாங்கு. ஒருநாள் மத்தியானம்
நானும் வந்து படுத்துக்கறேன்."

குழாயைப் பற்றி
இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை.